தலை எண்ணியவள்

கரம்பொன் கரையில் வள்ளம் வருகிறதென்றால் பெண்கள் முதலில் மீனைப் பார்ப்பதில்லை, தலையைத்தான் எண்ணுவார்கள். போன தலை எல்லாம் திரும்பி வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பாரையா விளைமீனா என்ற கதையெல்லாம். வாய்விட்டு எண்ணக் கூடாது. உதட்டுக்குள் எண்ணி முடித்து, ஒரு "அருள் நிறைந்த மரியே" சொல்லிச் சிலுவை போட்டுக்கொள்ள வேண்டும். எமிலியும் அவளுடைய தங்கை மேரிசுகந்தியும் இதைத் தாயிடம் பழகினவர்கள். ஒரு மாரியில் அவர்களுடைய தகப்பன் அருளப்பு அந்தக் கணக்கில் குறைந்து போனார். அன்றிலிருந்து எண்ணுவது இருவருக்கும் மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டது. எமிலி தன் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற, எத்தனை பேர் என்று எட்டிப் பார்த்ததே கிடையாது. படலை திறக்கிற சத்தத்தோடேயே எண்ணி முடித்திருப்பாள்.

எண்ணுவதில் ஒரு நுட்பமும் உண்டு. வள்ளம் நேரே வரும்போது ஆளுக்குப் பின்னால் ஆள் மறைந்திருப்பான். அப்போது எண்ணினால் கணக்குப் பிழையாகும், வீணாகப் பதற வேண்டிவரும். கரைக்குக் கிட்ட வந்து வள்ளம் பக்கவாட்டில் திரும்புமே, அந்த நேரம் எண்ண வேண்டும். யாராவது சாரத்தைத் தலைக்கு மூடிக்கொண்டு படுத்திருந்தால் காலை எண்ண வேண்டும். இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

மேரிசுகந்திக்கு ஊர்காவற்துறையில் வேலை கிடைத்தபோது ஊர் வாயைப் பிளந்தது. நாற்பதை எட்டுகிறவள், கலியாணம் கட்டாதவள், அதுவரை கோயில் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தவள். இப்போது ஒரு மாடிக் கட்டடத்தில் குளிரூட்டி போட்ட அறையில், கதிரையில் சாய்ந்திருந்து, வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்குப் படம் குறிக்கிறாள் என்றால் சும்மாவா? திரையில் மேலிருந்து எடுத்த கடற்படங்கள் வந்துகொண்டே இருக்கும். படகு தெரிந்தால் அதைச் சுற்றிக் கோடு போட்டு, மீன்பிடிப் படகா, சரக்குப் படகா, வேறா என்று பொத்தானை அமத்த வேண்டும். லட்சக்கணக்கில் அப்படிக் குறித்துக் கொடுத்தால் ஏஐ பார்த்துப் பார்த்துத் தானே படித்துக்கொள்ளுமாம்.

"கடலில தத்தளிக்கிற சனத்தைக் கெதியாக் கண்டுபிடிச்சுக் காப்பாத்துறதுக்குத்தான் அக்கா இது," என்று மேற்பார்வை பார்க்கிற ஜெனிஸ்ரன் முதல் நாளே சொல்லிவிட்டான். "நீங்கள் இதுக்குக் கண் குடுக்கிறீங்கள் எண்டு நினையுங்கோ."

அந்த ஒரு சொல் அவளுக்குப் போதுமாக இருந்தது. தகப்பனைக் கடலுக்குக் கொடுத்தவள் அல்லவா? அன்றைக்கு இப்படி ஒரு கண் மேலே இருந்திருந்தால் அப்பாவை யாராவது தூக்கியிருப்பார்கள் என்று நினைத்தாள். அந்த நினைப்போடு குனிந்தவள் நிமிரவில்லை.

மற்றப் பிள்ளைகள் கோட்டைப் போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். இவள் போகமாட்டாள். வலை இல்லாமல், தண்ணிப் பீப்பாய்கள் மட்டும் நிறைய ஏற்றிய ஒரு படகைக் கண்டால், இதில் சனம் போகிறது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடும். மழை இல்லாத நேரத்தில் தறப்பாள் விரித்திருந்தால் அதற்குக் கீழே பிள்ளைகள் இருக்கும். கேட்காமலே குறிப்புப் பெட்டியில் எழுதினாள். தலைகளை எண்ணி அந்த எண்ணையும் எழுதினாள். எண்ணி முடிந்ததும் உதட்டுக்குள் ஒரு மரியே சொன்னாள். படகு திரும்புகிற படத்தில் எண்ணினால்தான் சரியாக வரும் என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் விளக்கமும் கொடுத்தாள். அந்த ஆங்கிலத்தைப் பார்த்து ஜெனிஸ்ரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஆனால் மேலிடத்தில் சிரிக்கவில்லை. சில மாதத்தில் எல்லாருடைய திரையிலும் "ஆட்களின் தொகை" என்று ஒரு புதுப் பெட்டி வந்தது. படகு திரும்பும்போது எண்ணவும் என்ற அவளுடைய சொல், வேலைக்கான விதியாக வந்தது.

பாராட்டென்று ஒரு சுவர் மணிக்கூடும் வந்தது. வட்டமானது, நடுவில் நீலத் திமிங்கிலம், அதற்குக் கீழே கொம்பனியின் பெயர். மேரிசுகந்தி அதைத் தமக்கைக்குக் கொடுத்தாள். எமிலி திருஇருதயப் படத்துக்குக் கீழே கொழுவி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள்.

"என்ர தங்கச்சி தலை எண்ணி வாங்கினது," என்பாள். "எங்கட அம்மா சும்மா எண்ணினவ. இவள் எண்ணிப் பரிசு எடுத்திட்டாள்."

எமிலிக்கு ஒரே மகன், றெக்‌ஷன். அவனுடைய கூட்டாளியை ஒருநாள் சந்தியில் வைத்து ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு பிணமாகத்தான் கொடுத்தார்கள். ஏற்றினவர்களின் முகத்தைப் பார்த்தவன் றெக்‌ஷன். பார்த்ததை நீதிமன்றத்தில் போய்ச் சொன்னான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். மேரிசுகந்தி அப்படிச் சொல்லவில்லை. தூக்கி வளர்த்த பிள்ளை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னானே என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதன் பிறகு மோட்டார் சைக்கிளில் முகம் மூடினவர்கள் எமிலியின் படலையில் வந்து நின்று அவனை விசாரிக்கத் தொடங்கினார்கள்.

றெக்‌ஷன் நீர்கொழும்பில் ஐஸ் கொம்பனி ஒன்றில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனான். போன கையோடு அவனுடைய போன் வேலை செய்யவில்லை. சின்னம்மாவுக்குக்கூட ஒரு சொல் சொல்லவில்லை. எமிலி கோயிலே கதியென்று கிடந்தாள். பிறகு ஒருநாள், கட்டுநாயக்காவில் நிற்கிறேன், விசாரித்து விட்டுவிட்டார்கள், வருகிறேன் என்று அவனுடைய குரல் வந்தது. கடலால் வேறொரு நாட்டுக்குப் போகப் பார்த்திருக்கிறான். அந்த நாட்டுக் கப்பல் நடுக்கடலிலேயே மறித்துத் திருப்பிவிட்டது; திரும்பி வந்த படகை இலங்கைக் கடற்படை பிடித்து, எல்லாரையும் பொலிஸிடம் ஒப்படைத்துவிட்டது.

அவன் வந்து சில நாளில், சரவணை ஊரைச் சேர்ந்த பிரியவதனி என்ற சட்டத்தரணி ஸ்கூட்டியில் வந்தாள். இளம் பெண், ஆனால் பேச்சில் சுற்றிவளைப்பு இல்லை. எமிலியின் விறாந்தையில், அந்த மணிக்கூட்டுக்கு நேர் கீழே இருந்துகொண்டு, சட்டம் என்ன சொல்கிறதென்று விளக்கினாள்.

"உயிருக்குப் பயந்து ஓடி வாற ஆளை, அவர் ஆருக்குப் பயந்து ஓடினாரோ அவையின்ர கையிலயே திருப்பிக் குடுக்கேலாது. உலக நாடுகள் சேர்ந்து ஒப்பமிட்ட சட்டம் அது. குறைஞ்சது ஏன் வந்தனீர் எண்டு ஒரு சொல் கேக்க வேணும். கேக்காமல் திருப்பினதெண்டு நிரூபிச்சால் நாங்கள் ஜெனீவாவில ஐநா குழுவிட்டப் போகலாம். அவை ஏற்றுக்கொண்டால் அந்த நாடு றெக்‌ஷனை எடுத்து விசாரிக்கச் சொல்லி நெருக்கலாம். வேற வழி எனக்குத் தெரியேல்லை. தம்பி, நடந்ததைச் சொல்லும்."

மேரிசுகந்தி குசினி வாசலில் தமக்கை கொடுத்த தட்டோடு நின்றாள். தட்டில் நான்கு கோப்பை தேத்தண்ணி.

"பகலில தறப்பாளுக்குக் கீழ இருக்கேலாது, அவ்வளவு வெக்கை," என்று றெக்‌ஷன் தொடங்கினான். "ஒரு பொம்பிளை மயங்கிப்போனா. அதோட எல்லாரும் மேல வந்திட்டம். உயரத்தில ஒண்டு சுத்திச்சுது, ஆளில்லாத விமானம். ஓட்டி அதைக் கண்டு பயந்து படகைத் திருப்பினவர். பிறகு, இல்லை போவம் எண்டு முன்னம் போன பக்கமே விட்டவர். அடுத்த நாள் கப்பல் வந்தது. கிட்ட வரேல்லை. தூரத்தில நிண்டுகொண்டு தமிழில கதைச்சுது. பதிஞ்சு வைச்ச குரல். உங்கள் படகில் நாற்பத்தொரு பேர் இருக்கிறீர்கள், திரும்பிச் செல்லுங்கள் எண்டு."

"நாற்பத்தொரு பேரோ இருந்தனீங்கள்?" என்று பிரியவதனி கேட்டாள்.

"ஓம். அச்சொட்டா. வரமுதலே ஆரோ எங்களை எண்ணி வைச்சிட்டினம். நான் கத்தினனான், எனக்குத் திரும்பிப் போகேலாது, கொல்லுவாங்கள் எண்டு. அந்தக் குரல் திருப்பித் திருப்பி அதையேதான் சொன்னது. அதுக்குக் காது இல்லைத்தானே."

"விமானம் சுத்தேக்க நீர் எங்க இருந்தனீர்?"

"ஓட்டியின்ர அறைக்கு மேல, கூரையில. அம்மா தந்துவிட்ட சிவப்புத் துவாயால முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தனான்."

மேரிசுகந்தி தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் திரும்பிவிட்டாள்.

அவளுக்கு அந்தப் படம் தெரியும். அந்த நாளில் ஏஐ தானே எண்ணத் தொடங்கியிருந்தது. படம் வந்த கையோடு, அது எண்ணினது சரியா பிழையா என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. அன்றைக்கு அது நாற்பது என்று காட்டியது. படகு திரும்புகிற படத்தைத் தேடி எடுத்து அவள் எண்ணினாள். கூரையில் ஒருவன் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தான். முகத்தில் சிவப்பாக ஏதோ துணி. தலை தெரியாததால் ஏஐ அவனை விட்டுவிட்டது. ஐயோ, இவனை எண்ணாவிட்டால் தூக்க வருகிறவர்கள் கடலிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்களே என்று பதறிப்போனாள். காலைப் பார்த்துக் கோடு போட்டாள். நாற்பதை அழித்து நாற்பத்தொன்று என்று எழுதினாள். அவனுக்கென்று தனியாக ஒரு மரியே சொன்னாள்.

தன் கையால் தன் பிள்ளையைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள்.

துக்கமென்றால் வாய்விட்டு அழலாம், நாலு பேர் வந்து தோளைப் பிடிப்பார்கள். இது வெட்கம். அழுதால் ஏனென்று கேட்பார்களே என்று அழவும் வழியில்லாமல் அடுப்படியில் நின்றாள். பரிசு வந்த அன்று பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. விறாந்தையில் எமிலி பேசுவது கேட்டது.

"எண்ணினது ஆரோ தெரியாது, பிள்ளை. கரையில நிண்டு பார்க்கிற ஒரு பொம்பிளையின்ர வயித்தில பிறந்திருந்தால் அப்பிடி எண்ணிக் காட்டிக் குடுத்திருக்க மாட்டான்."

மேரிசுகந்தி தலையிடி என்று சொல்லி, பின்பக்க வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் ஜெனிஸ்ரனை மாடிப்படியில் மறித்தாள்.

"காப்பாத்துறதுக்கு எண்டு சொன்னனீர்."

அவன் முழித்தான். அவள் விஷயத்தைச் சொன்னதும் அவனுடைய முகம் செத்துப்போயிற்று. பாவம், அவனும் யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொன்னவன்தான்.

"எனக்கும் அப்பிடித்தான் அக்கா சொன்னவை. நாங்கள் படம் மட்டும்தானே குறிச்சனாங்கள். அது எங்க போகுதெண்டு எனக்கு மேல உள்ளவைக்கே தெரியுமோ தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "வெளியில வாய் திறக்கிறேல்லை எண்டு எல்லாரும் ஒப்பம் வைச்சிருக்கிறம். நீங்கள் கதைச்சால் உங்கட வேலை மட்டும் போகாது. உள்ளுக்க இருக்கிற பிள்ளையளைப் பாருங்கோ."

அவள் பார்த்தாள். எல்லாரும் ஊர்ப் பெண்கள், எல்லாருடைய வீட்டிலும் அந்தச் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது. அவர்கள் குனிந்து படகு எண்ணிக்கொண்டிருந்தார்கள், அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே. அவள் தன்னுடைய கதிரையில் போய் இருந்தாள். முதல் படமே தறப்பாள் விரித்த படகு. கை தானாக எண்ணத் தொடங்கிவிட்டது. சீ என்று கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். சுகமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள் பிறகு வேலைக்குப் போகவில்லை.

எமிலிக்கு இது ஒன்றும் தெரியாது. தங்கை எண்ணுவது சனத்தைக் காப்பாற்ற என்பதால், அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. தங்கைக்குச் சுகமில்லை என்று குழம்பு காய்ச்சிக் கொண்டுவந்தாள். கட்டிலில் பக்கத்தில் இருந்துகொண்டு அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சுகந்தி, நீ உந்தக் கொம்பியூட்டர் ஆக்களோட பழகுறனீ. உப்பிடி எண்ணுறது மெசினாம் எண்டு சட்டத்தரணிப் பிள்ளை சொல்லுது, அதுக்கு ஆர் படிப்பிச்சதெண்டு ஒருக்கா விசாரிச்சுப் பாரன். ஒராளாவது தெரிஞ்சிருக்கும்."

"பாக்கிறன் அக்கா," என்றாள் மேரிசுகந்தி. குழம்பைத் தொடாமல் ஓரமாக வைத்தாள். இப்படியும் ஒரு பிறப்பா என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதே கிழமை மோட்டார் சைக்கிள் மறுபடி எமிலியின் படலைக்கு வந்தது. றெக்‌ஷன் வீட்டில் இல்லை, கோயிலுக்குப் போயிருந்தான். வந்தவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "வந்திட்டாராம், காணக் கிடைக்குதில்லை," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு நாள் கழித்துப் பிரியவதனி வந்தாள். அவளுடைய முகமே சரியில்லை. படலைக்கு வெளியே மேரிசுகந்தியைக் கண்டு ஸ்கூட்டியை நிறுத்தினாள்.

"அந்த நாட்டிட்டக் கேட்டதுக்குப் பதில் வந்திருக்கு அக்கா. கொடியில்லாத ஒரு படகைப் பாதுகாப்புக்காகத் திருப்பினவையாம். அதில ஓட்டியைத் தவிர வேற ஆக்கள் இருந்தது தங்களுக்குத் தெரியாதாம். தெரியாதெண்டால், கேக்க வேண்டிய கடமையும் இல்லைத்தானே. கதை அதோட முடிஞ்சுது. அந்தக் குரல் நாற்பத்தொண்டு எண்டு சொன்னதுக்குத் தம்பியின்ர வாய்ச்சொல் மட்டும்தான் இருக்கு. மெசினைக் கூண்டில ஏத்தேலாது. அதுக்குத் தலை எண்ணத் தெரியும் எண்டு சொல்ல ஒரு மனிசர் வேணும்."

"அப்பிடி ஒராள் வந்தால்... பேர் வெளியில வருமோ?"

பிரியவதனி அவளைக் கூர்ந்து பார்த்தாள். "மறைக்கலாம். குழுவுக்கு மட்டும் தெரிஞ்சால் காணும். வீட்டாருக்கே தெரியாமல் செய்யலாம்."

வழி கிடைத்துவிட்டது. அப்படியே படலையடியில் வைத்துக் காதோடு காதாகச் சொல்லிவிட்டால் பிள்ளையும் தப்புவான், அக்காவுக்கும் தெரியவராது. மேரிசுகந்தி வாயெடுத்தாள். அந்த நேரம் எமிலி உள்ளேயிருந்து, "சுகந்தி, பிள்ளையை வெயிலில நிப்பாட்டாமல் கூட்டிக்கொண்டு வா," என்று கூப்பிட்டாள். பரிசைச் சொல்லும்போது இருக்கிற அதே குரல். இந்தக் குரலுக்கு முன்னால் இன்னும் எத்தனை வருஷம் குழம்பு வாங்கித் தின்னப் போகிறேன் என்று நினைத்தாள். அந்த நினைப்பே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

உள்ளே போனவள் உட்காரவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள். திருஇருதயப் படத்துக்குக் கீழே கொழுவியிருந்த மணிக்கூட்டைக் கழற்றினாள். கொண்டுவந்து பிரியவதனியின் முன்னால் மேசையில் வைத்தாள்.

"இதில இருக்கிற பேரை எழுதும் தங்கச்சி. இவைதான் அந்த மெசினைச் செய்தவை. தலை எண்ணப் படிப்பிச்சது நான். அதுக்குத்தான் இதைத் தந்தவை."

றெக்‌ஷன் எழும்பி நின்றான். மேரிசுகந்தி தமக்கையின் பக்கம் திரும்பவே இல்லை. நிலத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள், குறிப்புப் பெட்டி, புதுப் பெட்டி, படகு திரும்பும்போது எண்ணச் சொன்னது, வேலைக்கான விதியாக வந்தது, அன்றைக்கு ஏஐ நாற்பது என்று காட்டினது எல்லாம்.

"நாற்பத்தொண்டு ஆக்கினது ஆர்?" என்று பிரியவதனி கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

"நான்தான். கூரையில படுத்திருந்த ஒராளை அது விட்டிட்டுது."

"முகம் தெரிஞ்சுதோ சின்னம்மா?" றெக்‌ஷனின் குரல் மெதுவாக வந்தது.

"இல்லையடா. துவாய்தான் தெரிஞ்சது."

"தெரிஞ்சிருந்தால் எண்ணியிருக்க மாட்டீங்கள்."

அவனுக்கு ஆறுதல் சொல்கிற எண்ணம்தான். ஆனால் அந்தச் சொல் அவளைக் கொன்றது. மற்ற நாற்பது பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே? அவர்களையும் எண்ணித்தானே கொடுத்தாள்?

"காப்பாத்தப் போறாங்கள் எண்டுதான் நினைச்சனான்," என்றாள். "ஒவ்வொரு படகுக்கும் ஒரு மரியே சொன்னனான், அக்கா."

எமிலி மேசையில் கிடந்த மணிக்கூட்டைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பிக் குசினிக்குள் போனாள். கேத்திலை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, முதலில இருந்து சொல்லுங்கோ," என்றாள் பிரியவதனி பேனையை எடுத்துக்கொண்டு. "பேரை மறைக்கவோ?"

"வேண்டாம். அருளப்பு மேரிசுகந்தி எண்டு முழுசா எழுதும்."

பிரியவதனி எழுதினாள். ஜெனீவாவில் இருக்கிறவர்களுக்குக் கரம்பொன் எங்கே என்று தெரியாது, அதையும் எழுதச் சொன்னாள் மேரிசுகந்தி. சொல்ல வேண்டியதை ஒன்றுவிடாமல் சொன்னாள். றெக்‌ஷன் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தான்.

எமிலி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். பிரியவதனிக்கு ஒன்று கொடுத்தாள். மகனுக்கு ஒன்று கொடுத்தாள். மூன்றாவதைத் தானே எடுத்துக்கொண்டு, வெறுந் தட்டைச் சுவரோரம் சாத்திவிட்டுத் தன் கதிரையில் இருந்தாள்.

விறாந்தையில் நான்கு பேர் இருந்தார்கள். தலை எண்ணுவதில் எமிலி ஒருநாளும் பிழை விட்டதில்லை.